வரும்போது நாலு பேர்

பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் போடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருத்தர் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் அடிப்பலகையில் பின் அடிக்க வேண்டும். இழுக்கிறவர் கை கொஞ்சம் தளர்ந்தாலும் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த சீட்டை டெப்போவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குஷன்காரரும் அவர் மனைவியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி இழுப்பதும் அடிப்பதுமாகத்தான் குடும்பம் நடத்தி வந்தார்கள். மற்ற நேரங்களில் அவள் பெரிய மிஷினில் உட்கார்ந்து உறை தைப்பாள். தைக்கும்போது நூல் சுற்றிய மாற்று பாபினை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் தெருவில் அவளுக்கு 'பாபின்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

முன்னால் கடை, பின்னால் வீடு. தகரக் கூரை. வெயில் காலத்தில் டப்பாவில் இருக்கும் பசை தானாகவே இளகி நிற்கும். ஃபோம் தூள் வியர்வையோடு சேர்ந்து கழுத்தில் அப்பிக்கொண்டு அரிக்கும். அந்த வருஷத்து வெயில் சொல்லி மாளாது. மழையோ இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று கடன்காரனைப் போல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் வேலைக்குக் குறைவில்லை. குஷன்காரரின் அண்ணன் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். மேலதிகாரிகளிடம் செல்வாக்கு உள்ளவர். கிழிந்த சீட்டுகளை எல்லாம் வேனில் ஏற்றி இங்கேதான் அனுப்புவார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்ததும் அவர்தான், இந்தக் கடையை வைத்துக் கொடுத்ததும் அவர்தான். அவர் உள்ளே வந்தால் குஷன்காரர் வாயில் இருக்கும் டீயை அவசரமாக முழுங்கிவிட்டு எழுந்து நிற்பார். அண்ணன் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்காருவார். தலை நரைத்த பிறகும் அப்படித்தான்.

பிள்ளை என்று ஒரே மகள். வேலைக்குப் போய் வருஷங்கள் ஆன பின்னும் வீட்டில் அவள் பாப்பாதான். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது அவள் படிப்பு. வடக்கே, ராஜாக்கள் காலத்து ஊர் ஒன்றில் அவளுக்கு வேலை. கோட்டை, கல்லறை மாடம், படிக்கிணறு என்று அந்த ஊரில் எதைத் தொட்டாலும் நூற்றாண்டுகள் பழசு. சாரத்தில் ஏறி நின்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, எது உள்ளே உளுத்திருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். "படிக்க வச்சு கொத்தனார் ஆக்கிட்டேன்" என்று குஷன்காரர் சொல்லிக்கொள்வார். சொல்லும்போதே கைப்பேசியை எடுத்து, மகள் கோபுர உச்சியில் தலைக்கவசத்தோடு நிற்கும் படத்தை வாடிக்கைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

அதெல்லாம் அவள் போன முறை லீவில் வரும் வரைக்கும்தான். அப்போது அவள் ஒரு சேதி சொன்னாள். கூட வேலை செய்கிற ஒருத்தர், பழைய சுவருக்குத் தோதாகச் சுண்ணாம்புச் சாந்து கூட்டுவதில் கெட்டிக்காரர், அந்த ஊர்க்காரர். அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். குஷன்காரர் கத்தவில்லை. வெட்டிக்கொண்டிருந்த ரெக்ஸினைக் கீழே வைத்துவிட்டு, அவன் பேசினால் எனக்குப் புரியுமா என்று மட்டும் கேட்டார். பழகினால் புரியும் என்றாள் மகள். நான் பேசினால் அவனுக்குப் புரியுமா என்றார். அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வரவில்லை. அப்புறம் போனுக்கும் வரவில்லை. அவள் கூப்பிடுகிற நேரமாகப் பார்த்து அவருக்குக் கடைத்தெருவில் வேலை வந்துவிடும்.

பாபினுக்கு இரண்டு பக்கமும் இடி. மகள் போனை வைக்கும்போது, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். அவர் கடைக்குத் திரும்பியதும், சாரத்துல ஏறும்போது கயிறு கட்டிக்கிறாளாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "சுண்ணாம்புக்காரருக்கு என்ன குறைச்சல்? குஷன்காரர் மட்டும் பெரிய கலெக்டரா?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதோடு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்படி மாதங்கள் ஓடின. அதன் பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், துண்டில் கையைத் துடைத்தபடியே, "நாமளும் ஒரு நாலு நாள் போய் அந்த ஊரைப் பாத்துட்டு வந்தா என்ன?" என்றார்.

பாபின் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றாள். எந்த ஊரை என்று கேட்டாள். கேட்டால்தான் இன்னொரு முறை சொல்வார் என்று. அவரும் சொன்னார். எலி அம்மணமாக ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமல் ஓடுமா? அந்த யோசனை அவளுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் தாகத்தில் தவிக்கிறவள் தண்ணீரின் நிறத்தையா பார்ப்பாள்? கண்ணில் நீர் வந்ததை மறைக்கத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் தெருமுனை டிராவல்ஸுக்குப் போனார்கள். அதை நடத்துகிற பெண் வாயாடி. வாடிக்கையாளர்களோடு அந்த ஊருக்குப் பல தடவை போய் வந்தவள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஊரையே மேஜைமேல் பரப்பிவிட்டாள். கோட்டைக்கு விடிந்ததும் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கல் சுட்டு உள்ளங்கால் பழுத்துவிடும். கல்லறை மாடத்துக்கு வெள்ளிக்கிழமை போகக்கூடாது, அன்று பூட்டு. படிக்கிணற்றுப் பக்கம் குரங்குகள் அதிகம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கடைவீதியில் சொன்ன விலையில் பாதியைக் கேட்டு, அதிலும் பாதிக்கு வாங்க வேண்டும். குஷன்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஸ்டேஷனிலிருந்து மகள் தங்கியிருக்கும் தெரு எவ்வளவு தூரம், வண்டி வீட்டு வாசல்வரை போகுமா, விடியற்காலையில் ஆட்டோ கிடைக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார். முழங்கால் வலிக்காரர், அதனால் கேட்கிறார் என்று பாபின் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, அண்ணனும் கூட வருகிறார் என்றார். அவருக்கு எதற்கு இந்த வயதில் கோட்டையும் கொத்தளமும் என்று அவளுக்குள் ஒரு முள் நெருடியது. பெரியவர் வந்து பையனைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று அந்த முள்ளைத் தானே பிடுங்கிப் போட்டாள்.

மகளோ போனில் தரையில் கால் பாவாமல் பேசினாள். அவள் அறை மூன்றாம் மாடியில், படி செங்குத்து. அப்பாவால் ஏற முடியாது என்று வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீழ் அறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கோட்டைச் சுவர் தெரியுமாம். அப்பாவுக்கு மெத்து மெத்தென்று இருந்தால் தூக்கம் வராது என்று கெட்டித் தலையணையாகத் தேடி வாங்கியிருந்தாள். வருஷம் முழுக்க ஃபோமில் புரள்கிறவருக்குத் தூங்கப் பலகைதான் வேண்டும் என்று சொல்லித் தாயும் மகளும் சிரித்தார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரும் வருவார், அப்பாவிடம் பேச அவர் நாலு வார்த்தை தமிழ் படித்துக்கொண்டிருக்கிறார் என்று கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"அப்பா நிஜமாவே வர்றாராம்மா?"

"டிக்கெட்டே எடுத்தாச்சுடி" என்றாள் பாபின்.

மறு வாரம் டிராவல்ஸ்காரி கடைக்கு வந்தாள். குஷன்காரர் டெப்போவுக்குப் போயிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது என்று நல்ல சேதி சொன்னாள். சொல்லிவிட்டு எழும்போது, "அண்ணன் அவசரத்துல பாப்பா வயசைச் சொல்லாமப் போயிட்டாரு. அதைச் சொல்லுங்கக்கா, திரும்பி வர்ற டிக்கெட்டையும் முடிச்சிடறேன்" என்றாள்.

"பாப்பா வயசு எதுக்கு?"

"வரும்போது நாலு பேருல்ல? போறதுக்கு மூணு, வர்றதுக்கு நாலுன்னு அண்ணனும் செக்கர் சாரும் சேர்ந்து வந்துதானே சொன்னாங்க. பாப்பாவுக்கு நடுப் படுக்கை போட்டிருக்கேன். மேலயும் கீழயும் நீங்க இருப்பீங்க, பயமில்ல."

மிஷின் பெடலில் இருந்த கால் தானாக அழுந்தி, ஊசி துணியே இல்லாத இடத்தில் தடதடவென்று ஓடி நின்றது. பாபின் உதட்டில் இருந்த பாபினை எடுத்து மேஜையில் வைத்தாள். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். டிராவல்ஸ்காரி எதையும் கவனிக்காமல், குரங்கு விஷயத்தை மறக்க வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருவேளை மகளுக்கும் சேர்த்து லீவு சொல்லியிருப்பாரோ, அப்பாவும் மகளும் தனக்குத் தெரியாமல் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று மனசு நல்ல பக்கமாகவே ஓடிப் பார்த்தது. மகளைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். எங்களோட இங்க வந்து பத்து நாள் இருந்துட்டுப் போறியா என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள். மகள் சிரித்தாள். மழைக்கு முன்னால் மாடத்துக் கூரையை அடைத்தாக வேண்டும், ஒரு நாள் அசைய முடியாது, உங்களோடு சுற்றுவதற்கே மேலதிகாரி காலைப் பிடித்து லீவு வாங்கியிருக்கிறேன் என்றாள். பாபின் சரி சரி என்று போனை வைத்தாள்.

ஆக, மகளுக்குத் தெரியாது. தெரியாத பெண்ணுக்குப் படுக்கை போட்டிருக்கிறது.

குஷன்காரர் மத்தியானம் வந்தார். சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். இரண்டு முறை கேட்க வாயெடுத்தாள். இரண்டு முறையும் குழம்பு வேணுமா என்றுதான் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர் பஸ்ஸின் பின் சீட்டை எடுத்துத் திண்டில் போட்டார். ஐந்து பேர் உட்காருகிற நீளச் சீட்டு. அன்றைக்குள் முடித்தாக வேண்டும், வேன் வந்துவிடும். ஃபோம் ஒட்டி, உறையை மாட்டி, "இழு" என்றார்.

அவள் இரண்டு கையாலும் ரெக்ஸினைப் பற்றி உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து இழுத்தாள். அவர் குனிந்து டக் டக்கென்று பின் அடித்துக்கொண்டு வந்தார். பாதிச் சீட்டு வந்ததும் அவள் கேட்டாள்.

"வரும்போது நாலாவது ஆள் யாருங்க?"

பின் அடிக்கும் சத்தம் நின்றது. அவர் நிமிரவில்லை.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? அவளைக் கூட்டிட்டு வரப் போறீங்க. அது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எப்படிக் கூட்டிட்டு வருவீங்க?"

அவர் இரண்டு பின்னை வெறும் பலகையில் அடித்தார். பிறகு, சீட்டைப் பார்த்தபடியே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். யோசனை அண்ணனுடையது. போய் இறங்கியதும் நல்லபடியாக இருப்பது. கோட்டையைப் பார்ப்பது, பையனோடும் சிரித்துப் பேசுவது. கிளம்புகிற அன்று விடியற்காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலி என்பது. வழியில் துணைக்கு ஆள் வேண்டும், நீயும் வா, விட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்பது. பதறிப்போய் வண்டியில் ஏறிவிடுவாள். ஏறிய பிறகு போனை வாங்கி அண்ணன் வைத்துக்கொள்வார். இங்கே அண்ணிக்குச் சொந்தத்தில் ஒரு பையன் இருக்கிறான், வந்ததும் அவனுக்குக் கட்டி வைப்பது. ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

பாபினின் கை ரெக்ஸினை விடவில்லை. விரல் நகங்கள் வெளுத்துப் போயிருந்தன.

"யாருக்கு நெஞ்சு வலி?"

அவர் சீட்டின் விளிம்பைத் தடவினார்.

"எனக்கா?"

"சும்மா சொல்றதுதானே. அங்க போனதும் உன்கிட்ட சொல்லிக்கலாம்னாரு அண்ணன்" என்றார் முணுமுணுப்பாக.

"அப்ப இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டுப் போறீங்க. நீங்களும் உங்க அண்ணனும் போய் நின்னா அவ கதவைத் திறக்க யோசிப்பா. நான் நின்னா ஓடி வருவா. தூண்டில்ல நான் புழு."

"அவ நல்லதுக்குத்தான்…"

"மீனோட நல்லதுக்கு யாராவது தூண்டில் போடுவாங்களா?"

அவர் பின் அடிக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். அண்ணன் பேச்சுக்கு நான் என்றைக்கு எதிர்ப்பேச்சு பேசியிருக்கிறேன் என்றார். அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். கடைசியில், யாருக்கோ சொல்வது போல், "அவ அங்கேயே இருந்துட்டா, நாளைக்கு ஒரு சண்டை சச்சரவுன்னா நான் போய் எந்த பாஷையில கேப்பேன்?" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாபின் அவரை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகிய இடத்தில் நின்றால் வழுக்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கும் பயம்தான். பயம்னா பயம்னு அவகிட்ட சொல்லுங்க. பொய் சொல்லி வண்டி ஏத்தாதீங்க. ஏத்திட்டா அப்புறம் நிஜமாவே எனக்கு நெஞ்சு வலி வந்தாலும் அவ வரமாட்டா."

அவர் தலை நிமிர்ந்தார்.

"நீ அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்ல மாட்டேன். நான் சொன்னா அவளுக்கு அம்மா மிஞ்சுவா. அப்பா இருக்க மாட்டாரு. நீங்களே சொல்லுங்க."

அவர் பதில் சொல்லும் முன் வாசலில் வேன் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து செக்கர் இறங்கினார். கனத்த உடம்பு, பித்தான் எல்லாம் போட்ட முழுக்கைச் சட்டை. குஷன்காரர் வழக்கம் போல எழ முயன்றார். முழங்கால் பிடித்துக்கொள்ள, சீட்டைப் பிடித்தபடி அரைகுறையாக நின்றார். செக்கர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வருஷக்கணக்காக டிக்கெட் இல்லாதவர்களைப் பார்வையாலேயே பிடித்தவர். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினார். அதை மறுக்கக் கூடாது. தன் கையால் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளை என்றார். கண்காணாத ஊரில் அவளுக்கு ஒன்று என்றால் கேட்பதற்கு நாதி உண்டா என்றார். இன்றைக்கு அழுவாள், நாளைக்குச் சிரிப்பாள், பிள்ளைக்கு ஊசி போடும்போது அழுகிறதே என்று பார்த்தால் ஆகுமா என்றார். அவர் கண்ணிலும் நிஜமான கவலை இருந்தது. அதுதான் பாபினை அதிகம் பயமுறுத்தியது. கெட்டவரோடு சண்டை போட்டுவிடலாம்.

மாமா என்று அவள் கூப்பிடும் செக்கர் முன்னால் அவள் நேருக்கு நேர் நின்று பேசியதே இல்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றபடி பேசித்தான் பழக்கம். அன்றைக்கு நடுக்கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, நீங்க எங்களுக்குச் செஞ்சதை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். ஆனா இதுக்கு நான் வரமாட்டேன். என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னீங்கன்னா, அடுத்த நிமிஷம் நானே அவளுக்குப் போன் பண்ணி, நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன்."

செக்கர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்தார். "உன் வீட்ல யாருப்பா பேசுறது இப்ப?" என்றார்.

குஷன்காரர் சீட்டின் உறையை இழுத்து நேராக்கினார். வெளியே காற்று கிளம்பிப் புழுதியைக் கடைக்குள் தள்ளியது. வெட்டிப் போட்ட ரெக்ஸின் துண்டுகள் தரையில் உருண்டன. செக்கர் எழுந்தார். சீட்டுகளை ஏற்றச் சொன்னார். முடிந்தவை மட்டுமல்ல, முடியாதவையும். வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறேன், இனி டெப்போ வண்டி இந்தத் தெருவுக்குள் வராது என்றார். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். தம்பி ஓடி வந்து கையைப் பிடிப்பான் என்று நினைத்திருக்கலாம்.

குஷன்காரர் அசைந்தார். பாதி உறை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்த அந்த நீளச் சீட்டின் ஒரு முனையைத் தூக்கினார். இன்னொரு முனையைத் தூக்கச் சொல்லி மனைவியைப் பார்த்தார். அண்ணன் பக்கம் போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் தூக்கினாள். இரண்டு பேருமாகக் கொண்டுபோய் வேனில் வைத்தார்கள். மற்றவற்றையும் அவரே சுமந்தார். எலும்பு எலும்பாகத் தெரிந்த இரும்புச் சட்டங்கள், ஃபோம் ஒட்டிக் காயாத முதுகுப் பலகைகள். கடைசிச் சீட்டை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"டிக்கெட் எடுத்தபடியே இருக்கட்டும். நாளைக்குக் காலையில வர்றேன், பேசிக்குவோம்" என்றார் செக்கர்.

"வேணாண்ணே."

"என்ன வேணாம்?"

"நீங்க வர வேணாம். நாங்க ரெண்டு பேரும் போயிட்டு, ரெண்டு பேரும் வந்துடறோம்."

செக்கர் தம்பியின் முகத்தையே பார்த்தார். அடிக்கப் போகிறாரோ என்று பாபின் பயந்தாள். அவர் அடிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி, வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். முதல் முறை கதவு சரியாக மூடவில்லை. திறந்து இன்னொரு முறை சாத்தினார். வண்டி போய்விட்டது.

கடை வெறிச்சென்று ஆகிவிட்டது. இத்தனை அகலமான கடையா இது என்று இருந்தது. பாபின் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் வாங்கி ஆறவைத்தார், குடிக்கவில்லை. நாளையிலிருந்து என்ன செய்வது என்று இருவருமே பேசவில்லை. நாற்காலி, சோபா என்று வீடு வீடாகக் கேட்டுத்தான் போக வேண்டும். அது இருவருக்கும் தெரிந்ததுதான்.

"போனைப் போடு" என்றார்.

தனக்கும் கேட்க வேண்டும் என்று மிஷின் மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. அம்மா, சொல்லும்மா என்றாள் மகள்.

"அப்பா பேசுறேன்."

அந்தப் பக்கம் இதோ இறங்கி வருகிறேன் என்று யாரிடமோ அந்த ஊர் பாஷையில் சொல்வதும், அவசரமாகக் காலடி வைப்பதும் கேட்டது. "அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அத்தனை சந்தோஷம் இருந்தது. பாபின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இதைக் கெடுக்கவா இவரைப் பேசச் சொன்னோம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

குஷன்காரர் சுற்றி வளைக்கவில்லை. அவருக்கு அது வராது. உன்னை ஏமாற்றிக் கூட்டி வருவதாக இருந்தேன் என்று ஆரம்பித்து, நாலாவது படுக்கையையும், நெஞ்சு வலியையும், போனை வாங்கி வைத்துக்கொள்வதையும், பார்த்து வைத்த பையனையும் ஒன்று விடாமல் சொன்னார். அண்ணன் யோசனை என்று சொல்லவில்லை. நான் என்றே சொன்னார். சொல்லி முடித்ததும் போனையே பார்த்தார்.

தூரத்தில் ஒரு சுத்தியல் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் மகள்.

பாபின் வாயைத் திறக்கப் போனாள். குஷன்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

"தெரியாது. அவளையும் சேர்த்துத்தான் ஏமாத்தினேன். இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சா. இதுக்கு வரமாட்டேன்னு அவதான் நின்னா."

மகள் அழுகிறாளா என்று தெரியவில்லை. பேசியபோது குரல் சீராகத்தான் இருந்தது. அலுவலகத்தில் பேசுகிற குரல்.

"பெரியப்பா வர்றாரா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேரும் மட்டும். நீ வரச் சொன்னா வர்றோம். வேணாம்னா டிக்கெட்டைத் திருப்பிடறேன்."

"வாங்கப்பா" என்றாள். உடனே சொன்னாள். பிறகு நிறுத்திச் சொன்னாள். "ஆனா இந்தத் தடவை வீட்டுக்கு வர வேணாம். ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ் இருக்கு, அங்க தங்கிக்கங்க. கோட்டை வாசல்ல சந்திக்கலாம். அவரும் வருவாரு. கூட வேலை செய்யறவங்களும் இருப்பாங்க."

கீழ் அறையும், ஜன்னலும், தேடி வாங்கிய தலையணையும் பாபின் கண்முன் வந்து போயின. மகளைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குஷன்காரர் முகம் சுருங்கியது. அடி விழும் என்று தெரிந்து காத்திருந்தாலும் விழும்போது வலிக்கத்தானே செய்யும். அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார். "அந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல்? எந்த வாசல்ல நிக்கணும்?"

மகள் சொன்னாள். ஊருக்குப் புதிதாக வருகிற யாரோ ஒருவருக்குச் சொல்வது போல, ஸ்டேஷனிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, ஆட்டோக்காரரிடம் என்ன வார்த்தை சொல்வது, அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று விளக்கினாள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தார். தப்பாக வந்தது. மகள் திருத்தினாள். மறுபடி சொன்னார். அதுவும் தப்பு. மூன்றாவது தடவை சொன்னபோது, ம், புரிஞ்சுக்குவாங்க என்றாள். நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா சாப்பிட்டாரா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

குஷன்காரர் போனை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். புழுதிக் காற்று அடங்கி, வாசலில் முதல் தூறல் விழுந்து மண்ணில் பொட்டுப் பொட்டாக ஊறியது.

"மேற்கு வாசலாம். உள்ள போகக் கூடாதாம், அவ வந்துதான் கூட்டிட்டுப் போவாளாம். அதுவரைக்கும் வெளியவே நிக்கணும்னு சொன்னா" என்றார்.

"கேட்டேன். நிப்போம்" என்றாள் பாபின்.